ஊக்க ஊதியம் போன பிறகும் ஒரு பிஎச்.டி.

பள்ளித் தலைமை பற்றி பிஎச்.டி. செய்கிறேன் என்று சொன்னால் ஆசிரியர் வட்டாரத்தில் முதலில் வருகிற கேள்வி, “அதான் இன்சென்டிவ்வை எடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு மேடம்?” என்பதுதான். அடுத்தது, “கைடு யாரு? ரொம்ப இழுத்தடிப்பாரா?” என்ன தலைப்பு, எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் துறையில் மேற்படிப்பு நீண்ட காலமாகச் சம்பளப் பட்டியலோடு சேர்ந்தேதான் வளர்ந்திருக்கிறது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் கூடுதல் கல்வித் தகுதி பெற்றால் முன்பு ஊக்க ஊதிய உயர்வு உண்டு. ஒரு ஊக்க ஊதியம் என்பது இரண்டு ஆண்டு உயர்வுக்குச் சமம். அடிப்படை ஊதியத்தில் ஆறு சதவீதம். பணிக்காலத்தில் இரண்டு முறை வாங்கலாம். எம்.எட். முடித்தால் ஒன்று, எம்.ஃபில். முடித்தால் இன்னொன்று என்று கணக்குப் போட்டுப் படித்தவர்கள் ஏராளம். அந்தக் கணக்கை நம்பியே அஞ்சல்வழிக் கல்வி மையங்களும் நடந்தன. 2020 மார்ச் 10 அன்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை 37 வந்தது, ஊக்க ஊதியம் ரத்து. பிறகு அதற்குப் பதிலாக ஒரே தடவை மொத்தமாகக் கொடுக்கும் தொகை ஒன்று அறிவிக்கப்பட்டாலும் மாதாமாதம் சம்பளத்தோடு சேர்ந்து வளரும் பணத்துக்கு அது ஈடாகாது. அந்தத் தேதிக்கு முன் படிப்பை முடித்தவர்களுக்குக் கிடைக்குமா என்று நீதிமன்றப் படியேறியவர்களின் கதை தனி.

நான் பதிவு செய்தது அதற்கு முந்தைய ஆண்டு. அப்போது முதுகலை ஆசிரியர். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சனிக்கிழமை விடியற்காலைப் பேருந்து பிடித்து, தஞ்சாவூரில் மாறி, திருச்சிக்குக் கோர்ஸ் ஒர்க் வகுப்புக்குப் போவேன். என்னோடு சேர்ந்த பகுதிநேர ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள். இரண்டாவது இன்சென்டிவ் பாக்கி இருந்ததால் வந்தவர்கள் சிலர், பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக்கொள்ள வந்தவர்கள் சிலர், ஓய்வுக்குப் பிறகு ஏதாவது பி.எட். கல்லூரியில் வேலை கிடைக்கும் என்று வந்தவர்கள் சிலர். அரசாணை வந்த சில நாட்களில் கொரோனா வந்து பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாம் மூடிக்கொண்டன. திறந்தபோது எங்கள் வாட்ஸாப் குழுவில் பாதிப் பேர் மௌனமாகிவிட்டார்கள். ஒருவர் மட்டும் நேர்மையாக எழுதினார்: “ஃபீஸ் கட்டறதுக்கு இனி வீட்ல காரணம் சொல்ல முடியல.”

நான் ஏன் நிற்கவில்லை என்று யோசித்தால் பெரிய லட்சியம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. படிக்கத் தொடங்கியது சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர் எப்படி வருகிறார் என்பதைப் பார்த்தால் இந்தப் படிப்பு எங்கே நிற்கிறது என்று புரியும். பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆக வேண்டுமானால் பணிமூப்பு வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் துறைத் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். அக்கவுண்ட் டெஸ்ட், அலுவலக நடைமுறைத் தேர்வு, டி.ஐ. டெஸ்ட் என்று எங்கள் பேச்சில் அடிபடுபவை இவைதான். புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தாள்களும் அதில் உண்டு. பயணப்படி எப்படிக் கணக்கிடுவது, பதிவேட்டை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எந்தத் தொகையை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவை வேண்டாதவை என்று சொல்ல வரவில்லை. ஒரு தலைமையாசிரியருக்கு தணிக்கைத் தடை வந்து ஓய்வூதியம் நிற்கும்போதுதான் அக்கவுண்ட் டெஸ்டின் அருமை தெரியும். ஆனால் எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளை என்ன செய்வது, ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத இரண்டு ஆசிரியர்களை எப்படி ஒரே வகுப்புக்குப் பொறுப்பாக்குவது என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. பேனலில், அதாவது பதவி உயர்வுப் பட்டியலில், பெயர் வரும், கலந்தாய்வில் இடம் எடுப்போம், பணியேற்பு அறிக்கை அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்காருவோம். முன்னால் இருந்தவர் விட்டுப்போன சாவிக்கொத்தில் எது எந்தப் பூட்டுக்கு என்று கண்டுபிடிப்பதுதான் தலைமைப் பயிற்சியின் முதல் நாள்.

மற்ற ஊர்களில் இது வேறு மாதிரி. சிங்கப்பூரில் முதல்வராக வரப்போகிறவரைத் தேர்ந்தெடுத்து, தேசியக் கல்விக் கழகத்தில் ஆறு மாதம் முழுநேரமாக, சம்பளத்தோடு உட்கார வைக்கிறார்கள். இலங்கையில் அதிபர் சேவை என்று தனிச் சேவையே இருக்கிறது. இந்தியாவிலும் முயற்சி இல்லாமல் இல்லை. டெல்லியில் நீபா என்கிற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாகக் கழக வளாகத்துக்குள் 2012-இல் தேசியப் பள்ளித் தலைமை மையம் தொடங்கப்பட்டது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் கல்வி மேலாண்மைக்கு முதுநிலைப் பட்டயம் இருக்கிறது, எம்.ஏ. கல்வியிலும் அதைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். அந்த இக்னோ புத்தகங்களை, முக்கியமாக நிறுவன நடத்தை பற்றிய தொகுதியை, பிஎச்.டி.யில் சேரும் முன்பே படித்திருந்தேன். எழுத்து கொஞ்சம் வறட்சிதான். என்றாலும் நான் வேலை பார்த்த பள்ளிகளில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் ஒரு வரைபடம் கிடைத்த மாதிரி இருந்தது.

பிஎச்.டி.யில் முதல் ஓராண்டு படிப்புதான். பள்ளித் தலைமை பற்றி உலகம் முழுவதும் எழுதப்பட்டிருப்பதன் அளவைப் பார்த்து மலைத்துப் போனேன். கனடாவின் கென்னத் லெய்த்வுட்டும் உடன் எழுதியவர்களும் 2004-இல் ஒன்று சொன்னார்கள்: பள்ளிக்குள் இருக்கும் காரணிகளில் பிள்ளைகளின் கற்றலை அதிகம் பாதிப்பது வகுப்பறைக் கற்பித்தல், அடுத்தது தலைமை. தலைமை பற்றிய எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் முதல் அத்தியாயத்தில் இந்த வரி உட்கார்ந்திருக்கும். எனக்கு அதைவிட உறைத்தது நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் 2008-இல் இருவரோடு சேர்ந்து வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் தொகுப்பாய்வு. தலைமையாசிரியர் செய்யும் வேலைகளை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பிள்ளைகளின் கற்றலோடு எவ்வளவு தொடர்புடையது என்று கணக்கிட்டிருந்தார்கள்; எண் பெரிதானால் தொடர்பும் வலுவானது. ஒழுங்கான, பாதுகாப்பான சூழலை உண்டாக்குவதற்கு 0.27. பணத்தையும் வளத்தையும் திட்டமிட்டு ஒதுக்குவதற்கு 0.31. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, தானும் அதில் கலந்துகொள்வதற்கு 0.84. அந்தக் கடைசி எண் மிகச் சில ஆய்வுகளிலிருந்து வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஆடக் கூடாது என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் நம்மூரில் ஒரு தலைமையாசிரியரைப் பாராட்டும்போது என்ன சொல்கிறோம்? “சுற்றுச்சுவர் கட்டிட்டார், பசங்க சத்தமே கேக்காது.” அதாவது 0.31-ம் 0.27-ம்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஆய்வுத் தலைப்பு என்று வரும்போது எல்லோரும் ஒரே வாய்க்காலில்தான் போய் விழுகிறோம். ‘உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களின் தலைமைப் பாங்கும் ஆசிரியர்களின் பணி நிறைவும்: ஓர் ஆய்வு.’ மாவட்டத்தின் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வேடு. பணி நிறைவு என்பதைப் பணி அழுத்தம் என்று மாற்றினால் அதற்கும் அடுத்தது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள், மிகைப்படுத்தவில்லை என்று தெரியும். முறையும் ஒன்றுதான். ஒரு வினாப்பட்டியல், சில நூறு ஆசிரியர்கள், ஆண் பெண், கிராமம் நகரம், அரசு உதவிபெறும் தனியார் என்று பிரித்து, பிரிவுகளுக்குள் வேறுபாடு உண்டா என்று பார்க்கும் டி-டெஸ்ட், எஃப்-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனைகள். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது.’ கடைசி அத்தியாயத்தில் ‘தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்’ என்ற பரிந்துரை. அதற்கு இத்தனை பக்கம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் ஃபிலிப் ஹாலிங்கர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய வினாப்பட்டியல் ஒன்று இந்தத் துறையில் வெகு பிரபலம். 50 கூற்றுகள், பத்துத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ‘எப்போதும்’ முதல் ‘ஒருபோதும் இல்லை’ என்பது போல ஐந்து நிலை. கருவி நல்ல கருவிதான். நம் பள்ளிக்கூடத்தில் அது எப்படி நிரப்பப்படுகிறது என்பதுதான் சிக்கல். ஆய்வாளர் பெரும்பாலும் தலைமையாசிரியரிடம் கொடுத்து, “ஸ்டாஃப்கிட்ட வாங்கி வையுங்க சார், அடுத்த வாரம் வரேன்” என்பார். தலைமையாசிரியர் அதை வருகைப் பதிவேட்டோடு சேர்த்து ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்புவார். தன் தலைமையைப் பற்றி ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற தாள்கள் மாலையில் அவர் மேசையிலேயே வந்து சேரும். ஒரு பள்ளியில் நான் நேரில் போய்த் தாளைக் கொடுத்து, உறையில் போட்டு ஒட்டி என்னிடமே தாருங்கள் என்று சொல்லியும், ஒரு இளம் ஆசிரியை கேட்டார்: “மேடம், எல்லாத்துக்கும் எப்போதும்னு டிக் அடிச்சுட்டேன், சரிதானே?” பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

இதை என் நெறியாளரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. “சரிம்மா, நாலு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதினால், அது அந்த நாலு பள்ளிக்கூடத்துக்குத்தானே பொருந்தும்? எக்ஸாமினர் அதைத்தான் முதலில் கேட்பார்” என்றார். நியாயமான கேள்வி. ஒரு தலைமையாசிரியரைப் பின்தொடர்ந்து எழுதுவது ஒன்றும் புதிதில்லை என்று பதில் சொன்னேன். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஹாரி வால்காட் என்ற மானிடவியலாளர், ஒரே ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் பின்னால் இரண்டு ஆண்டுகள் நடந்து 1973-இல் புத்தகம் போட்டார், இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம்: வினாப்பட்டியலும் உண்டு, அதோடு சில பள்ளிகளில் நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் உண்டு. கலப்பு முறை ஆய்வு என்று அதற்குப் பெயர் வைத்ததும் முனைவர் குழுக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டார்கள்.

அலுவலகத்தில் உட்கார்ந்ததுதான் என் படிப்பு.

ஒரு தலைமையாசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, என்ன நடந்தாலும் நேரத்தோடு குறித்துக்கொண்டே இருப்பேன். காலை வழிபாட்டுக்கு முன்பே மோட்டார் ஓடவில்லை என்று செய்தி வரும். யார் லீவு என்று பார்த்து சப்ஸ்டிடியூஷன் போட வேண்டும். வாட்ஸாப்பில் ‘மிக அவசரம், இன்று மதியம் 12 மணிக்குள்’ என்று ஒரு கூகுள் ஷீட் வரும். அதே விவரம் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸில் ஏற்கெனவே இருக்கும். மாற்றுச் சான்றிதழுக்கு ஒரு அப்பா வருவார், ஆதார் இணைக்காததால் உதவித்தொகை ஏறவில்லை என்று ஒரு அம்மா வருவார். ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி. தூய்மைப் பணியாளருக்கு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. இடையில் வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ. அலுவலகத்திலிருந்தோ ஆசிரியர் பயிற்றுநரிடமிருந்தோ போன். இதற்குள் கற்பித்தல் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். ஒரு நாள் மதியம் மூன்றாவது மணி அடித்தபோதுதான் கிடைத்தது. ஏழாம் வகுப்பு வழியாக நடந்த தலைமையாசிரியர் கரும்பலகையைப் பார்த்து நின்றார். ஒரு பையன் ½ + ⅓ = ²⁄₅ என்று போட்டிருந்தான். கணக்கு டீச்சர் வெளியே வந்து, “எத்தனை தடவை சொன்னாலும் மேலயும் மேலயும், கீழயும் கீழயும் கூட்டுறாங்க சார்” என்றார். தலைமையாசிரியர் வரலாற்றுக்காரர்; கணக்கு அவருக்குப் பாடம் இல்லை. “அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையவிடக் கம்மியா வருமான்னு கேட்டுப் பாருங்களேன்” என்றார். ஒரு தாளை மடித்துக் காட்டச் சொன்னார். அவ்வளவுதான், உள்ளே அலுவலகத்தில் போன் அடித்தது, திரும்பிவிட்டார். இரண்டு நிமிடம் இருக்கலாம்.

அன்றைய நாளில் என் குறிப்பேட்டில் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரம் போட்டிருந்தேன். வினாப்பட்டியலில் இது ‘தலைமையாசிரியர் வகுப்பறைகளைப் பார்வையிடுகிறார்’ என்ற கூற்றுக்குள் போய்விடும். லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதற்காகப் பார்வையிடுகிறவரும் அதே கூற்றுக்குள்தான்.

மேலை நாட்டு ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு நெருடல் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. அங்கே பல இடங்களில் முதல்வருக்குத் தன் ஆசிரியர்களைத் தேர்வு செய்வதில் பங்குண்டு, பட்ஜெட்டில் சொல் உண்டு. நம் தலைமையாசிரியரிடம் என்ன இருக்கிறது? ஆசிரியர் கலந்தாய்வில் வருவார், கலந்தாய்வில் போவார். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். உபரி என்று வந்தால் பணி நிரவலில் வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். பணம் என்று பார்த்தால் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் 251 முதல் 1000 பிள்ளைகள் வரை இருக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 75,000 ரூபாய். அதில் சாக்பீஸ் முதல் கழிவறைக் குழாய் வரை பார்க்க வேண்டும். அப்படியானால் தலைமை என்று ஆராய்வதற்கு இங்கே என்னதான் மிச்சம் என்று நெறியாளரிடமே கேட்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது கால அட்டவணை. இதுதான் என் ஆய்வு முழுவதிலும் நான் சொல்ல விரும்புகிற ஒரே விஷயம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் பெரிய சார்ட்டை விரித்து, ஸ்கேலும் கலர் ஸ்கெட்சும் வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த வகுப்பு, எந்தப் பீரியட் என்று போடுகிறார்களே, அங்கேதான் ஒரு தலைமையாசிரியரின் அதிகாரம் முழுவதும் இருக்கிறது. அந்தச் சார்ட்டை மேலிடத்தில் யாரும் திருத்தப் போவதில்லை. ஸ்டாஃப் ரூமுக்கு அதன் மதிப்பு நன்றாகவே தெரியும். “எனக்கு ஃபர்ஸ்ட் பீரியட் வேண்டாம் சார், பஸ் லேட்டாகும்.” “போன வருஷமே நைன்த் பி எடுத்தாச்சு, இந்த வருஷமும் என்னால முடியாது.” வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் யார் தலையில் என்பதில் ஒரு பள்ளியின் பழைய பகை எல்லாம் வெளியே வந்துவிடும்.

பெரும்பாலான பள்ளிகளில் சார்ட் போடும் முறைக்கு ஒரு வழக்கம் உண்டு. திறமையானவர், அனுபவமுள்ளவர் என்று பெயர் எடுத்தவர்களைப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் போட்டுவிடுவது. தேர்ச்சி சதவீதம் அங்கேதான் பார்க்கப்படுகிறது, முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) ரிசல்ட் கூட்டத்தில் நிற்க வைப்பது அதை வைத்துத்தான். ஆறாம் வகுப்புக்கு மிச்சம் இருப்பவர். காலியிடம் என்றால் தற்காலிக ஆசிரியர். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்தில் வந்த தற்காலிக ஆசிரியர்கள் பல பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்குத்தான் போனார்கள். அவர்களில் நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தொடக்கப் பள்ளியிலிருந்து வாசிக்கத் தடுமாறிக்கொண்டு வரும் பிள்ளைக்கு எந்த நாளும் போகக்கூடிய ஒருவரைக் கொடுத்துவிட்டு, பத்தாம் வகுப்பில் மாலை நேர சிறப்பு வகுப்பு வைத்து இழுத்துக் கரையேற்றுகிறோம்.

நான் பார்த்த பள்ளிகளில் ஒன்றில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. தலைமையாசிரியர் ஓய்வுக்கு மூன்று ஆண்டு இருந்தவர், அதிகம் பேசாதவர். பள்ளியிலேயே வலுவான கணக்கு ஆசிரியரைப் பத்தாம் வகுப்பில் ஒரு பிரிவிலிருந்து எடுத்து ஆறாம் வகுப்பில் போட்டார். ஆசிரியருக்கு அது பதவியிறக்கம் மாதிரி பட்டுவிட்டது. சார்ட்டைப் பார்த்துவிட்டு நேரே அலுவலகத்துக்கு வந்தார், நான் என் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன்.

“சார், நாளைக்கு டென்த் ரிசல்ட் விழுந்தா சி.இ.ஓ. மீட்டிங்ல நீங்கதான் நிக்கணும்.”

“நின்னுக்கறேன்.”

“ஆறாம் கிளாஸ் யார் வேணா எடுக்கலாம் சார்.”

“யார் வேணா எடுத்துதான் டென்த்ல நீங்க கஷ்டப்படறீங்க.”

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. ஆசிரியர் ஒரு மாதத்துக்கு மேல் முகம் கொடுக்கவில்லை. ஸ்டாஃப் ரூம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பருவத்தில்தான் என் வினாப்பட்டியலும் அங்கே நிரப்பப்பட்டது. உறையைப் பிரித்துக் கூட்டினால், நான் எடுத்த பள்ளிகளிலேயே தலைமைப் பாங்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களில் அவரும் ஒருவர்! ஆய்வேட்டில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்திருக்கிறேன். புள்ளிவிவர அத்தியாயம் அவரைப் பலவீனமான தலைவர் என்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அவர் ‘நின்னுக்கறேன்’ என்கிறார்.

அவர் செய்தது சரியா, பிள்ளைகளுக்குப் பலன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்த ஆறாம் வகுப்பு பத்துக்கு வர நாலு வருடம். பிஎச்.டி.க்குப் பல்கலைக்கழக மானியக் குழு கொடுக்கும் உச்சவரம்பு பொதுவாக ஆறு ஆண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு. நான் களத்துக்குப் போனதே பாதியில். ஒரு தலைமையாசிரியரின் நல்ல முடிவு பலன் தருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார், ஆய்வாளரின் பதிவும் காலாவதியாகிவிடும். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு மதியத்தில் டிக் அடித்த தாள்களாக இருப்பதற்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை.

நடுவில் எனக்கும் பதவி உயர்வு வந்தது. இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. இத்தனை படித்தவர் என்ன கிழித்துவிட்டீர்கள் என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. கோப்புகள் எனக்கும் அதே அளவுதான், எமிஸ் எனக்கும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: சார்ட் போடும்போது ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். பத்தும் பன்னிரண்டும் கடைசியில். முதல் முறை அப்படிச் செய்தபோது உதவித் தலைமையாசிரியர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

அமெரிக்கக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் கதை அங்கே முன்பே நடந்திருக்கிறது. கல்வியில் எட்.டி. என்ற முனைவர் பட்டத்தை 1920-இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு கல்வியியல் பள்ளிதான் ஆரம்பித்து வைத்தது. காலப்போக்கில் அது பள்ளி முதல்வர்களும் கண்காணிப்பாளர்களும் வாங்கும் பட்டமாகியது. அங்கேயும் மேற்படிப்புக்கு ஏற்பச் சம்பளம் ஏறும் முறை இருந்ததால், எளிதில் முடியும் பகுதிநேரப் படிப்புகள் பெருகின. கொலம்பியாவின் டீச்சர்ஸ் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் லெவின் 2005-இல் இந்தப் படிப்புகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பல்கலைக்கழகங்கள் இவற்றைப் பணம் காய்க்கும் மரமாக வைத்திருக்கின்றன, படிக்க வருகிறவர்கள் சம்பள உயர்வுக்காக வருகிறார்கள், பள்ளித் தலைமைக்கான எட்.டி.யையே ஒழித்துவிடலாம் என்று எழுதினார். ஒரு கல்வியியல் கல்லூரியின் தலைவரே இதை எழுதியதுதான் விசேஷம். 2007-இல் கார்னகி பெயரில் ஒரு கூட்டு முயற்சி தொடங்கி, பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எட்.டி.யை மாற்றி அமைத்தன. ஆய்வாளர் தன் பள்ளியில் அன்றாடம் முட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலை எடுத்து அதையே ஆய்வேடாக்கலாம். ஹார்வர்டு 2010-இல் தொடங்கிய கல்வித் தலைமை முனைவர் படிப்பில் மூன்றாம் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு கல்வி அமைப்பில் வேலை பார்க்க வேண்டும்.

அவர்களிடம் இருப்பது எல்லாம் நமக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அங்கே கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால் நம்மிடம் 2020-லேயே பணம் என்கிற காரணம் போய்விட்டது. எம்.ஃபில்.லும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளோடு முடிந்தது. இப்போது வருகிறவர்கள் வேறு எதற்காகவோ வருகிறார்கள். அவர்களுக்கும் அதே டி-டெஸ்டைக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. பகுதிநேர ஆய்வாளர், பணியில் இருக்கும் தலைமையாசிரியர் என்றால் அவருடைய பள்ளியே களமாகலாம் என்று ஒரே ஒரு பல்கலைக்கழகமாவது விதியில் எழுதினால் போதும். தன் கீழ் வேலை பார்ப்பவர்களையே ஆராய்வதில் அறச்சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வெளியாள் ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது, பெயர் மறைப்பது என்று வழிகள் இருக்கின்றன. உறையில் போட்டு ஒட்டாத வினாப்பட்டியலைவிட அது மோசமாகிவிடாது.

சேரலாமா என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது நாலு விஷயம். துறையின் முன் அனுமதியும் தடையின்மைச் சான்றும் எழுத்தில் கைக்கு வருவதற்கு முன் ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள்; வாய்மொழியாக ‘பண்ணுங்க, பாத்துக்கலாம்’ என்பதை நம்பிச் சேர்ந்து, பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதிய முடியாமல் அலைகிறவர்கள் உண்டு. நெறியாளரைத் தேர்வு செய்யும் முன் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்காவில் திறந்து பாருங்கள். தலைப்புகளை அடுக்கி வைத்தால் போதும், உங்கள் தலைப்பு என்னவாக வரும் என்று தெரிந்துவிடும். மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் பத்து சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பதை எழுதும்போதே நினைவில் வையுங்கள். எல்லோரும் எழுதிய வரிகளை எழுதினால் எல்லோரோடும் ஒத்துத்தான் போகும். கடைசியாக, களப்பணிக்கு எந்த மாதம் ஒதுக்கினாலும் ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தை மட்டும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஆசிரியராக இருந்தால் அந்த வாரம் லீவு கிடைப்பது கஷ்டம்தான், முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். சார்ட்டை லேமினேட் செய்து சுவரில் மாட்டிய பிறகு போனால், ஏன் அப்படிப் போட்டார்கள் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.